உயிர்த் தொழில்நுட்பக் கம்பனிகளும் பங்குச் சந்தையும்

1602 ஆம் ஆண்டிலே அம்ஸ்ரடாம் நகரத்தில் ஒரு பேரேடு திறந்து வைக்கப்பட்டது. கீழைத் தேசங்களுக்குக் கப்பல் விடுதற்கென அமைந்த ஒல்லாந்தக் கம்பனியிற் பங்குகொள்ள விரும்புவோர் எவராயினும் அதிலே தம் பெயரையும் தொகையையும் பதிந்துகொள்ளலாம் என அறிவிக்கப்பட்டது. பெருவணிகர் பலர் பதிந்தனர். கம்பனியின் இயக்குநர் ஒருவரது வீட்டிற் பணிபுரிந்த பெண்ணொருத்தியும் 100 கில்டர் பதிந்தாள். பின்னாளிலே, 1658 இல், யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கம்பனி இதுவே. பங்காளருக்கு முதல் இலாபப் பங்கு கிடைத்தது 1610 ஆம் ஆண்டிலேதான். அதிலும் பெரும்பகுதி காசாக வழங்கப்படாது வாசனைச் சரக்காகவே பகிரப்பட்டது.

கண்ணுக்கெட்டாத பொருளுக்கு முன்பணம் கொடுத்துப் பல்லாண்டு காத்திருத்தல் வணிக உலகிற்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் ஒல்லாந்தரிடம் கப்பல்கள் இருந்தன. அவர் கொணரும் மிளகுக்கும் கறுவாவுக்கும் ஐரோப்பாவிலே நிலைத்த சந்தையும் இருந்தது. விற்பதற்கு ஒரு பண்டமும் இன்றி, அப்பண்டம் எப்பொழுது உருவாகும் என்ற உறுதியும் இன்றி, பங்குகளை மட்டும் மக்களுக்கு விற்ற கம்பனிகள் 1720 இல் இலண்டனிலே காளான்கள்போல் முளைத்தன. அவற்றுட் பல வெறும் மோசடிகளாய் முடிந்தமை வரலாற்று மாணவர் அறிந்ததே. 1980 ஆம் ஆண்டு தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றிய உயிர்த் தொழில்நுட்பக் கம்பனிகளும் விற்பனைப் பண்டம் இன்றியே பங்குச் சந்தைக்கு வந்தன. எனினும் இவற்றை மோசடி எனத் தள்ளிவிட இயலாது. இவற்றின் பின்னால் மெய்யான விஞ்ஞானம் நின்றது. இவற்றுட் சிலவற்றிலிருந்து மெய்யான மருந்துகளும் பிறந்தன. ஆனால் அந்த விஞ்ஞானத்தை வளர்த்தது பெரும்பாலும் பொதுப் பணம். பொதுப் பணத்தால் விளைந்த அறிவு தனியார் உடைமையாகிப் பின் பங்குகளாகப் பொதுமக்களுக்கே விற்கப்பட்டது என்பதே இவ்வரலாற்றில் ஆராயத்தக்க செய்தி.

இதற்கு இன்சுலினின் கதையே தக்க சான்று. சதையியிற் சுரக்கும் இந்த ஓமோன் 1921 இல் கனடாவின் தொறொன்ரோ நகரிலே பிரித்தெடுக்கப்பட்டது. கண்டுபிடித்த பான்ரிங்கும் அவர்தம் துணைவர் இருவரும் 1923 இல் ஆக்கவுரிமையைத் தலைக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு தொறொன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கையளித்தனர். அமெரிக்காவிலே அதனைப் பெருமளவிற் செய்து விற்கத் தொடங்கியது லில்லி என்னும் மருந்துக் கம்பனி. அன்று தொட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாக, கொலைக்களங்களிற் சேர்க்கப்பட்ட பன்றிகளினதும் மாடுகளினதும் சதையிகளிலிருந்தே உலகத்து நீரிழிவு நோயாளருக்கான இன்சுலின் எடுக்கப்பட்டுவந்தது.

1973 ஆம் ஆண்டிலே ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து ஸ்ரான்லி கோகன், சன் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து ஹேபேட் பொயர் என்னும் இருவரும், ஓர் உயிரின் பரம்பரையலகை வெட்டியெடுத்துப் பற்றீரியாவினுள் ஒட்டி வாழவைக்கும் முறையை நிறுவிக் காட்டினர். பற்றீரியா பெருகுந்தோறும் ஒட்டப்பட்ட அலகும் பெருகும். அதன் கட்டளைக்கிணங்கப் புரதமும் உண்டாகும். இவ்விருவரின் ஆய்வுக்கும் அரசின் மானியங்களே துணைநின்றன. ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் 1974 இல் இம்முறைக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தது. பொதுப் பணத்தால் நடந்த அடிப்படை ஆய்வுக்கு ஆக்கவுரிமையா என விஞ்ஞானிகள் பலர் அன்று முகஞ்சுளித்தனர்.

இந்நிலையிலே றொபேட் சுவான்சன் என்னும் இளைஞர் பொயரைத் தேடிச் சென்றார். அவருக்கு அப்பொழுது முப்பது வயதும் நிரம்பவில்லை. துணிகர முதலீட்டுத் தொழிலிற் பயின்ற அவர், இந்த ஒட்டு முறை வணிகத்துக்கு ஏற்றதெனக் கண்டார். இருவரும் ஆளுக்கு 500 டொலர் இட்டு 1976 ஏப்பிரில் மாதத்திலே ஜெனென்ரெக் என்னும் கம்பனியைப் பதிவு செய்தனர். கிளைனர் பேக்கின்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் முதற்கண் 100,000 டொலர் கொடுத்தது. கம்பனிக்குச் சொந்தமான ஆய்வுகூடம் தொடக்கத்தில் இருக்கவில்லை. பல்கலைக்கழகங்களினதும் மருத்துவ நிலையங்களினதும் ஆய்வுகூடங்களிலேயே வேலை நடந்தது. 1977 இல் சோமற்றோசுற்றற்றின் என்னும் சிறிய ஓமோனும், 1978 இல் மனித இன்சுலினும் பற்றீரியாவிலிருந்து பெறப்பட்டன. இன்சுலினைத் தயாரித்து விற்கும் உரிமம் லில்லிக் கம்பனிக்கு வழங்கப்பட்டது. 1922 இல் பல்கலைக்கழகத்தோடு உடன்பட்ட அதே கம்பனி, இம்முறை பல்கலைக்கழகத்திற் பிறந்த ஒரு சிறு கம்பனியோடு உடன்பட்டது.

சுவான்சனின் திறமையும் பொயரின் அறிவும் மட்டும் போதியிருப்பின் இத்தகைய கம்பனிகள் பங்குச் சந்தைக்கு வந்திருக்கமாட்டா. சட்டமும் வரியும் அக்காலத்திலேயே மாறின. 1978 இல் அமெரிக்கப் பாராளுமன்றம் மூலதன ஆதாய வரியின் உச்ச அளவை 28 வீதமாகக் குறைத்தது. மறு ஆண்டிலே ஓய்வூதிய நிதிகளின் ஒரு பகுதியைத் துணிகர முதலீட்டில் இடலாம் என விதி தளர்த்தப்பட்டது. 1980 யூன் மாதத்திலே அந்நாட்டு மீயுயர் நீதிமன்றம், மனிதரால் ஆக்கப்பட்ட உயிரிக்கும் ஆக்கவுரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. வழக்கிற்குக் காரணமானது எண்ணெய்க் கழிவைச் சிதைக்கும் ஒரு பற்றீரியா. அதனை ஆக்கியவர் வங்காளத்திற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. நீதியரசர் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நின்ற தீர்ப்பு அது. ஒரே ஒருவரின் கருத்து மாறியிருப்பின் இக்கட்டுரைப் பொருளே வேறாயிருக்கும். அவ்வாண்டு டிசெம்பரிலே, அரச மானியத்தால் விளைந்த கண்டுபிடிப்புகளின் ஆக்கவுரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ளலாம் என்னும் சட்டமும் நிறைவேறியது.

இவ்விரண்டுக்கும் இடையே வந்ததுதான் 1980 ஒக்டோபர் 14 ஆந் திகதி. அன்று காலை ஜெனென்ரெக் கம்பனி ஏறத்தாழ 10 இலட்சம் பங்குகளைப் பங்கொன்று 35 டொலராகப் பொதுமக்களுக்கு வழங்கியது. சந்தை திறந்து ஒரு மணி நேரத்துக்குள்ளே விலை 88 டொலருக்கு ஏறியது. மாலையிற் சந்தை மூடும்பொழுது 71 டொலர் 25 சதமாக நின்றது. வோல் ஸ்ரீற்றின் பழைய தரகர்களும் இத்தகைய ஏற்றத்தை முன்னர் கண்டிலர். அன்றைய நாளில் அக்கம்பனியிடம் விற்பதற்கு ஒரு மருந்தும் இல்லை. அதன் வருவாயிற் பெரும்பகுதி, ஏனைய கம்பனிகள் ஆய்வு ஒப்பந்தங்களின்கீழ்ச் செலுத்திய பணமேயாகும். இன்சுலினை விற்க அரச அனுமதி கிடைத்தது ஈராண்டு கழித்து, 1982 ஒக்டோபரிலேதான்.

அந்த ஒரு நாளின் கணக்கைச் சற்று நின்று பார்த்தல் நன்று. கம்பனிக்குக் கிடைத்தது பங்கொன்றுக்கு 35 டொலர் வீதம் ஏறத்தாழ 35 மில்லியன் டொலர். மாலை விலைக்கும் இதற்கும் இடைப்பட்ட 36 டொலர் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குச் செல்லவில்லை. தரகு நிறுவனங்களின் தயவால் அதிகாலையிற் பங்கு ஒதுக்கப்பெற்றவர்களின் பைக்கே சென்றது. காலையில் 88 டொலர் கொடுத்து வாங்கியவரோ அன்று மாலைக்குள் தம் பணத்தில் ஐந்திலொரு பங்கை இழந்தார். நிறுவுநர் இருவரதும் கையிருந்த 500 டொலர்ப் பங்குகள், கடுதாசிக் கணக்கிலே, ஒவ்வொருவருக்கும் 60 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட பெறுமதியை எட்டின. மருந்து உண்டாகுமுன்பே செல்வம் உண்டாயிற்று. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வால் ஒரே நாளிற் பெருஞ் செல்வராதல் அதற்கு முன்னர் கேள்விப்படாத செய்தி. பொயரின் சக ஆசிரியர்கள் சிலர் அவரைக் கடுமையாகக் கண்டித்தனர். அதே ஆண்டிலே ஹாவாட் பல்கலைக்கழகமும் தன் பேராசிரியர் ஒருவரின் ஆய்வைக் கொண்டு அமையவிருந்த கம்பனியிற் பங்குகொள்ள எண்ணி, எதிர்ப்பு எழுந்தமையால் நவம்பரிலே அவ்வெண்ணத்தைக் கைவிட்டது. ஹாவாட்டின் தயக்கத்தைப் பழமைப் பற்று எனச் சிலர் எள்ளினர். மாணவன் ஒருவனின் ஆய்வை வழிநடத்தும் ஆசிரியர் அவ்வாய்விலே பங்காளராகவும் இருப்பின், மாணவனின் முடிவுகளை எக்கண்ணாற் பார்ப்பார் என்ற வினா இன்றும் விடை காணப்படாத வினாவே.

ஜெனென்ரெக்கின் வெற்றியைக் கண்டு பின்தொடர்ந்தவற்றுள் முதன்மையானது சீற்றஸ் என்னும் கம்பனி. அது 1971 இலேயே அமைந்தது. ஆகவே ஜெனென்ரெக்குக்கு மூத்தது. 1981 மார்ச்சிலே சந்தைக்கு வந்து 100 மில்லியன் டொலருக்கு மேல் திரட்டியது. இளவலைப் போல மும்மடங்கு பணம்! அதன் ஆய்வுகூடத்திலே 1983 இல் கரி மல்லிஸ் என்னும் இரசாயனவியலாளர், ஒரு துளி மாதிரியிலுள்ள டி.என்.ஏ. இழையைச் சில மணி நேரத்திற் கோடிக்கணக்காய்ப் பெருக்கும் முறையைக் கண்டார். அம்முறையே பி.சி.ஆர். 2020 இற் கொரோனாத் தொற்றின்போது இலங்கை மருத்துவமனைகளிலும் வீட்டுப் பேச்சிலும் இவ்வெழுத்துகள் புழங்கியமை யாவரும் அறிவர். அந்நூற்றாண்டின் தலைசிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றினைக் கையில் வைத்திருந்த சீற்றஸ், அதனை ஓர் ஆய்வுக் கருவியாகவே எண்ணியது. தன் எதிர்காலத்தைப் புற்றுநோய்க்கான இன்ரலூகின் என்னும் மருந்தின்மீது வைத்தது. 1990 இல் அரச மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் அம்மருந்துக்கு அனுமதி வழங்க மறுத்தது. அடுத்த ஆண்டிலே சீற்றஸ் கைரோன் என்னும் கம்பனியோடு இணைந்து தன் பெயரை இழந்தது, பி.சி.ஆர். உரிமை சுவிற்சலாந்தின் றோஷ் கம்பனிக்கு 300 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. கண்டுபிடித்த மல்லிஸுக்குக் கம்பனி கொடுத்த சன்மானம் 10,000 டொலர். 1993 இல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சீற்றஸின் வீழ்ச்சியைத் தலைவர்களின் மதியீனம் என்று மட்டும் கூறிவிடல் பொருந்தாது. பங்குச் சந்தையின் காலமும் மருந்தின் காலமும் ஒவ்வாமையே மூலகாரணம். ஒரு மருந்து ஆய்வுகூடத்தில் முளைவிட்டு நோயாளியின் கையை அடையப் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லும். விலங்குகளிற் சோதித்தபின், மனிதரில் மூன்று கட்டமாகச் சோதித்தல் வேண்டும். கடைசிக் கட்டத்துக்கு நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான நோயாளர் தேவை. மனிதரிற் சோதிக்கத் தொடங்கிய மருந்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே இறுதியில் அனுமதி பெறுகின்றது. சந்தையின் உற்சாகமோ இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிலைப்பதில்லை. இதனால் முதலீட்டாளர் தம் பேச்சிலே 'சாளரம்' என்றொரு சொல்லை வழங்கலாயினர். சாளரம் திறந்திருக்கும்பொழுது ஆயத்தமாயுள்ள கம்பனியும் ஆயத்தமில்லாத கம்பனியும் ஒருங்கே நுழைய முந்தும். மூடியபின் நல்ல கம்பனியும் வெளியே நிற்க நேரும். பிற தொழில்களிலே சந்தைக்கு வருதல் வளர்ந்த கம்பனியின் முதிர்ச்சிக்கு அடையாளம். இத்தொழிலிலே அது பிள்ளைப் பருவத்துப் பசியைத் தீர்க்கும் வழி. ஒருமுறை வந்தபின்னும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எனப் புதிய பங்குகளை விற்றே ஆய்வு நடத்தல் வேண்டும்.

1983 இற் சாளரம் அகலத் திறந்தது. அவ்வாண்டு யூன் மாதத்திலே அம்ஜென் கம்பனி பங்கொன்று 18 டொலராக விற்று ஏறத்தாழ 40 மில்லியன் டொலர் திரட்டியது. ஜெனீவாவில் அமைக்கப்பட்ட பயோஜென் கம்பனியும் அவ்வாண்டே வந்தது. அம்ஜென்னின் விஞ்ஞானிகள், சிறுநீரக நோயாளரின் குருதிச் சோகையைப் போக்கும் எரித்திரோபொயற்றினின் பரம்பரையலகைப் பிரித்தெடுத்திருந்தனர். அம்மருந்துக்கு 1989 யூனிலேதான் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளிலே 1987 ஒக்டோபர்ப் பங்கு வீழ்ச்சியும் வந்து போயிற்று. பொறுத்திருந்த பங்காளர் பெரும்பயன் பெற்றனர். 1991 இல் மறுபடியும் ஓர் அலை எழுந்தது. மறு ஆண்டு, குருதி நச்சூட்டத்துக்கென சென்ரோகோர் கம்பனி உருவாக்கிய மருந்துக்கு அனுமதி தரப்படாமையால் அதன் பங்கு விலை சரிந்தது. அச்சரிவு ஏனைய கம்பனிகளையும் இழுத்துச் சென்றது. ஒரு கம்பனியின் தோல்விக்குத் தொடர்பில்லாத கம்பனிகள் தண்டனை பெறுதல் இச்சந்தையின் இயல்பு. சென்ரோகோர் பின்னர் வேறு மருந்துகளால் தலைநிமிர்ந்தது என்பதையும் குறிப்பிடல் நியாயம்.

2000 ஆம் ஆண்டின் அலை மனித மரபணுத் தொகுதியின் ஆய்வோடு எழுந்தது. மார்ச்சு 14 ஆந் திகதி அமெரிக்க அதிபர் கிளின்ரனும் பிரித்தானியப் பிரதமர் பிளேயரும், மரபணுத் தொகுதி பற்றிய மூலத் தகவல்கள் உலகத்து விஞ்ஞானிகள் யாவர்க்கும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும் எனக் கூட்டறிக்கை விட்டனர். அன்றே உயிர்த் தொழில்நுட்பப் பங்குகள் கடுமையாக வீழ்ந்தன. அறிவு பொதுவாதல் பங்காளருக்கு நட்டம் எனச் சந்தை அளித்த தீர்ப்பு அது. இவ்வரலாற்றின் உட்பொருளை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் நாள் வேறில்லை.

2012 ஏப்பிரிலிலே அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று சிறு கம்பனிகளுக்கு வழியை எளிதாக்கியது. விண்ணப்பத்தை முதலில் இரகசியமாகக் கையளிக்கவும், பெரிய முதலீட்டாளரின் கருத்தைப் பங்கு வழங்குமுன்பே அறியவும் இடமளிக்கப்பட்டது. 2013 தொடக்கம் 2015 வரை எழுந்த அலைக்கு இது பெருந்துணை. ஆயினும் இதன்பின் வழங்கப்படும் பங்குகளில் மிகப் பெரும்பகுதி, இத்துறையையே தொழிலாகக் கொண்ட நிதியங்களுக்கும் முன்னரே பங்கு வைத்திருந்தோருக்குமே செல்வதாயிற்று. பொதுமக்களுக்கு வழங்கல் என்னும் பெயர் இருக்க, பொதுமக்கள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டனர். அம்ஸ்ரடாம் பணிப்பெண்ணின் 100 கில்டருக்கு இப்பேரேட்டில் இடங்கிடைத்தல் அரிது.

ஆசியாவிலே நிலை வேறு. பெங்களூரிலே 1978 இல் நொதியங்கள் தயாரிக்கத் தொடங்கிய பயோகோன், கால் நூற்றாண்டு பண்டம் விற்று இலாபம் ஈட்டிய பின்னரே 2004 இற் சந்தைக்கு வந்தது. ஹொங்கொங் சந்தையோ 2018 ஏப்பிரிலிலே தன் விதியை மாற்றி, வருவாய் இல்லாத உயிர்த் தொழில்நுட்பக் கம்பனிகளையும் ஏற்கத் தொடங்கியது. அமெரிக்க வழி ஆசியாவுக்கும் வந்துவிட்டது எனலாம்.

2018 டிசெம்பரிலே மொடேர்னா கம்பனி பங்கொன்று 23 டொலராக 604 மில்லியன் டொலர் திரட்டியது. அமைந்து எட்டாண்டு கழிந்தும் ஒரு மருந்துக்கேனும் அனுமதி பெற்றிராத கம்பனி அது. முதல் நாளிலேயே விலை 18 டொலர் 60 சதத்துக்கு இறங்கியது, அறிவாளிகள் சிரித்தனர். ஈராண்டு கழித்து, 2020 டிசெம்பரிலே, அக்கம்பனியின் கொரோனாத் தடுப்பூசிக்கு அவசர அனுமதி கிடைத்தது. 2021 ஆகஸ்டிலே பங்கு விலை 480 டொலரைக் கடந்தது. 2024 முடிவிலே 50 டொலருக்குக் கீழே நின்றது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் விலங்குச் சோதனையைத் தாண்டாத கம்பனிகளும் பெருந்தொகை திரட்டின. 2021 பெப்ரவரியில் உச்சம் தொட்ட இத்துறையின் பங்குச் சுட்டி 2022 நடுப்பகுதிக்குள் பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. வங்கியிலிருந்த பணத்தின் அளவுக்குக்கூடச் சந்தையில் மதிப்பற்ற கம்பனிகள் பல அவ்வாண்டிலே காணப்பட்டன.

முதன்முதல் வந்த ஜெனென்ரெக்கின் முடிவு எவ்வாறாயிற்று? 1990 இல் றோஷ் கம்பனி 2.1 பில்லியன் டொலருக்கு அதன் 60 வீதத்தைப் பெற்றது. 1999 இல் எஞ்சிய பங்குகளையும் வாங்கி, அவ்வாண்டே ஒரு பகுதியை மறுபடி மக்களுக்கு விற்றது. அதே ஆண்டிலே, வளர்ச்சி ஓமோனின் உரிமை தொடர்பாக எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள, ஜெனென்ரெக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துக்கு 200 மில்லியன் டொலர் கொடுக்க உடன்பட்டது. கோகன், பொயர் ஆக்கவுரிமையோ 1997 இற் காலாவதியாகுமுன் இரு பல்கலைக்கழகங்களுக்கும் ஏறத்தாழ 255 மில்லியன் டொலர் ஈட்டித் தந்திருந்தது. 2009 மார்ச்சிலே றோஷ் 46.8 பில்லியன் டொலருக்கு எஞ்சிய பங்குகள் யாவற்றையும் வாங்க, ஜெனென்ரெக்கின் பெயர் பங்குச் சந்தைப் பலகையிலிருந்து நீங்கியது. சுவான்சன் அதற்கு முன்பே, 1999 டிசெம்பரிலே, தம் 52 ஆவது வயதிற் காலமானார்.

பற்றீரியாவிற் செய்த இன்சுலின் வந்தபின் பன்றியினதும் மாட்டினதும் சதையிகளுக்கான தேவை பெரும்பாலும் ஒழிந்தது. ஆயினும் அமெரிக்காவிலே 1990 களின் நடுப்பகுதி தொடக்கம் இன்சுலின் விலை ஆண்டுதோறும் ஏறியது. காப்புறுதி இல்லாத நோயாளர் மருந்தின் அளவைக் குறைத்து ஊசியேற்றும் நிலை வந்தது. மக்களின் முறைப்பாடும் அரசின் அழுத்தமும் பெருகவே, லில்லிக் கம்பனி 2023 மார்ச்சிலே தான் பரவலாக விற்கும் இன்சுலின் வகைகளின் பட்டியல் விலையை 70 வீதம் குறைப்பதாகவும், நோயாளரின் மாதச் செலவு 35 டொலருக்கு மேற்படாது என்றும் அறிவித்தது.